எல்லைக் கம்பு

"அந்தத் தேத்தண்ணிய அப்பிடியே கொண்டுபோயி கான்ல ஊத்து! எல்லை தாண்டுன கையால போட்டது எனக்கு வேணாம்!"

மாமியார் அம்மாக்கண்ணு சொல்லி முடிப்பதற்குள் கோப்பை இஸ்தோப்புத் திண்ணையின் படியில் உருண்டது. விடிந்தும் விடியாத நேரம். பீலியில் தண்ணீர் நூலாக வடிகிற வறட்சியில், வரிசையில் நின்று பிடித்து வந்த தண்ணீரில் போட்ட தேநீர் அது. சிமெந்துத் தரையில் அது ஓடிப் பரவுவதைத் தனலெட்சுமி பார்த்துக்கொண்டே நின்றாள். குனிந்து கோப்பையை எடுக்கவில்லை. இந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து எத்தனையோ கோப்பைகளை எடுத்தாயிற்று. இன்றைக்கு மாட்டேன் என்று இருந்தது அவளுக்கு.

"என்னடி முறைக்கிற? அந்த மலைய நிமிந்து பாரு! யாரு செஞ்ச பாவம் எரியுதுன்னு பாரு!"

மலை எரிந்துகொண்டுதான் இருந்தது. தோட்டத்துக் குடியிருப்பு வரிசையான லயத்துக்கு மேலே, தேயிலை முடிகிற இடத்தில் தொடங்கும் மானாப்புல் மேட்டில் முந்தின நாள் எழுந்த புகை, விடிந்த பிறகும் படுக்கவில்லை. லிந்துலைப் பக்கத்து மலைகளில் மாசி வறட்சிக்குப் புல் எரிவது புதிதல்ல. ஒரு மூலையில் பிடிக்கும், இன்னொரு மூலையில் தானே அணையும். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இந்தத் தடவை அணையாமல் அகலமாகிக்கொண்டே வந்தது. பாவம் என்று சொல்ல ஊருக்கு வாய்ப்பாகப் போய்விட்டது.

பாவம் என்ன தெரியுமா? லயம் இருக்கிற மேல்கணக்குப் பிரிவில் மாசியில் காமன் கூத்து. அதற்குக் காப்புக் கட்டுகிற நாளில், லயத்துக்குக் கீழே பாலத்தடியில் வேப்பிலை சுற்றிய மூங்கில் கம்பு ஒன்றை நடுவார்கள். அதுதான் எல்லை. காமனை எரித்துக் காப்பு அவிழ்க்கும்வரை, காப்புக் கட்டிய வீட்டார் அந்தக் கம்பைத் தாண்டக் கூடாது. தாண்டினால் தோட்டத்துக்கு ஆகாது. இந்த வருஷம் வீட்டுக்கு ஒருவர் காப்புக் கட்டியிருந்தார்கள். கூத்தை முன்நின்று நடத்துகிறவன் தனலெட்சுமியின் புருஷன் நாகலிங்கம். கம்பை நட்டதும் அவன் கைதான். அப்படிப்பட்டவனின் மனைவி அந்தக் கம்பைத் தாண்டிப் போனாள், ஓர் இரவு வெளியில் தங்கினாள், எங்கே போனேன் என்று சொல்லவும் மறுத்துவிட்டாள். அவள் திரும்பிய மறுநாள் மலையில் தீ. இதற்கு மேல் சாட்சி எதற்கு?

இவ்வளவு நியாயம் பேசுகிறவர்கள், அவளுடைய கொழுந்தன் விஜேந்திரன் மரக்கறி லொறியை ஓட்டிக்கொண்டு தினமும் அதே கம்பைத் தாண்டிப் போவதைப் பற்றி வாயைத் திறந்ததில்லை. காப்புக் கட்டியவனின் கூடப்பிறந்த தம்பி அவன். ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவன். ஆனால் அவன் போவது தொழிலுக்காம். ஆம்பிளை தொழிலுக்குப் போனால் சாமி கண்ணை மூடிக்கொள்ளுமாம்! பொம்பளை காலை எடுத்து வைத்தால் மட்டும் திறந்துகொள்ளுமாம்!

நாகலிங்கம் உள்ளேயிருந்து வந்தான். கையில் மஞ்சள் காப்பு. கவிழ்ந்து கிடந்த கோப்பையைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், கடைசியாகத்தான் மனைவியைப் பார்த்தான்.

"எங்க போனன்னு சொல்லிட்டா முடிஞ்சிருச்சு. எதுக்கு இந்தப் புடிவாதம்?"

"நீங்க என்ன நெனக்கிறீங்க?"

"நான் நெனக்கிறது எதுக்கு? ஊரு கேக்குதுல்ல."

"ஊருக்கா நான் வாக்கப்பட்டேன்?"

அவனுக்குச் சுருக்கென்றது. அதற்குள் பக்கத்து அறையான காம்பராவிலிருந்து விஜேந்திரன் சேர்ட்டை மாட்டிக்கொண்டே வந்தான். தனலெட்சுமி மணமாகி வந்தபோது பள்ளிக்கூடம் போகிற பயல். அவள் கையால் தலை சீவிவிட்டு, அவள் கையால் ரொட்டி சுட்டுக் கொடுத்து வளர்த்த பிள்ளை. இன்றைக்கு அவளுக்கே புத்தி சொல்ல வந்தான்.

"அண்ணி, சும்மா ஒத்துக்கிட்டுப் போங்களேன். காமன் பொட்டல்ல எல்லாருக்கும் முன்னுக்கு விழுந்து மன்னிப்புக் கேட்டா, விசயம் அதோட சரி. தீயும் அடங்கிரும், ஊரும் அடங்கிரும்."

"ஓ... நான் விழுந்தா தீ அடங்கிருமா தம்பி?"

"அப்பிடித்தானே பேசிக்கிறாங்க..."

அவன் முகம் மலைப் பக்கம் திரும்பவே இல்லை. அப்போது அதை யாரும் கவனிக்கவில்லை.

தனலெட்சுமி குசினிக்குள் போனாள். அங்கே அடுப்போரமாக ஒண்டி நின்றாள் ஹம்சினி. விஜேந்திரனின் மனைவி. வெளியில் நடந்தது அத்தனையும் காதில் விழுந்திருக்கிறது. கண் சிவந்திருந்தது.

தனலெட்சுமி போனது இவளுக்காகத்தான். ஹம்சினிக்கு இதற்கு முன்பு உண்டான பிள்ளை இரண்டும் தங்காமலே போயின. 'வெறும் வயித்தோட வந்தவ' என்று அம்மாக்கண்ணு பீலியடியில் எல்லோருக்கும் கேட்கப் பேசிய பேச்சை அவள் இன்னும் மறக்கவில்லை. இப்போது மூன்றாவது. புருஷனிடம்கூடச் சொல்லாமல் அக்கா என்று கூப்பிடும் தனலெட்சுமியிடம் மட்டும் சொல்லிவிட்டு, காப்புக் கட்டுவதற்கு முன்பே கினிகத்தேனையில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தாள். அங்கே திடீரென்று ரத்தம் பட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து போன் எடுத்தாள்.

"அக்கா... நீங்க வாங்கக்கா... வேற யாருக்கும் சொல்லாதீங்க. இதுவும் போயிருச்சுன்னா அத்தை என்னைய உசுரோட கொன்னுருவாங்க!"

தனலெட்சுமி யோசிக்கவில்லை. கம்பைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே தாண்டினாள். அன்றிரவு முழுக்க அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தபடி கட்டிலோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். காலையில் பிள்ளைக்கு ஆபத்தில்லை என்று டாக்டரம்மா சொன்னார். ஆபத்துக் காலம் முழுதாகத் தாண்டுகிறவரை யாருக்கும் மூச்சு விடமாட்டேன் என்று ஹம்சினியின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்துவிட்டு வந்தாள். அண்ணன் வீட்டிலிருந்து ஹம்சினியும் திரும்பிவிட்டாள். வந்தவள் வாயைத் திறக்கவில்லை. அதுதான் தனலெட்சுமிக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா..." என்றாள் ஹம்சினி.

"என்ன அக்கா? நொக்கா! தேத்தண்ணிய மூஞ்சிக்கு நேரா வீசாத குறைதான். கேட்டுக்கிட்டுத்தானே நின்ன? நீ ஒரு வார்த்தை சொன்னா இது நிக்கும்ல?"

"பயமா இருக்குக்கா... இன்னும் கொஞ்ச நாளைக்கு..."

"உனக்குப் பயம். எனக்கு மானம் போகுதுடி! ஊரு என்னென்ன பேசுதுன்னு தெரியுமா? எவன்கூட தங்கிட்டு வந்தேன்னு கேக்குதுடி! மகளக் கட்டிக்குடுத்தவ நான்!"

ஹம்சினியின் கை அவளை அறியாமல் வயிற்றுக்குப் போனது. தனலெட்சுமி அதைப் பார்த்தாள். கோபம் இறங்கவில்லை.

"தண்ணிக் குடத்தைத் தொடாத. நான் கொண்டாந்து வைக்கிறேன்," என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு வெளியேறினாள்.

வெயில் ஏறியதும் பெரட்டு இல்லை, வேலைக்கு யாரும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆணும் பெண்ணுமாக எல்லோரும் பச்சைக் கிளைகளை ஒடித்துக்கொண்டு மேட்டுக்கு ஓடினார்கள். ஓரமாக வருகிற தீயை அடித்து அடித்து அணைப்பதைத் தவிர அங்கே வேறு வழியில்லை. தனலெட்சுமியும் ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு போனாள். அடுத்த காம்பரா ஜீவராணி வழியை மறித்தாள்.

"நீ எங்க வர்ற? நீ வந்தா இன்னும் மூளும். போ, போயி வீட்டுல கெட!"

"தீய அணைக்கத்தான் வர்றேன்."

"கொளுத்திவிட்டவளே அணைக்க வர்றாளாம்!"

சுற்றி நின்ற பெண்கள் ஒருத்தியும் மறுத்துப் பேசவில்லை. இவர்களில் எத்தனை பேருக்குப் பிரசவம் பார்க்க ஓடியிருக்கிறாள், எத்தனை வீட்டுச் சாவுக்கு அடுப்பு மூட்டியிருக்கிறாள்! ஒருத்திக்கும் அது நினைவில்லை. தனலெட்சுமி கிளையை ஜீவராணியின் காலடியில் எறிந்தாள்.

"எரியட்டும்! நல்லா எரியட்டும்! இந்தா, நீயே அணை!"

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். எரியட்டும் என்று சொல்லியிருக்கக் கூடாது என்று லயத்து வாசலுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

மத்தியானம் காற்றுத் திரும்பியது.

அதுவரை மேட்டின் மேல் நோக்கி ஏறிக்கொண்டிருந்த தீ, ஒரு பெருமூச்சு விடுகிற நேரத்தில் கீழ்ப்பக்கம் சாய்ந்தது. பொறிகள் தோட்டத்து ரோட்டைத் தாண்டிக் காய்ந்த வடிகால் கான்களில் விழுந்தன. கானில் கிடந்த சருகு பற்றியது. சருகிலிருந்து யூக்கலிப்டஸ் மரங்கள் பற்றின. அடித்து அணைக்கப் போனவர்கள் இருமிக்கொண்டும் அலறிக்கொண்டும் இறங்கி ஓடிவந்தார்கள். புகையில் லயத்துக் கூரைகள் மறைந்தன.

தோட்டத்துத் தலைவர் பழனியாண்டி தொண்டை கிழியக் கத்தினார்.

"கீழ்கணக்குப் பள்ளிக்கூடத்தைத் தொறந்து வச்சிருக்காங்க! எல்லாரும் அங்க போங்க! ஒண்ணையும் எடுக்காதீங்க, போங்க!"

கீழ்கணக்குப் பள்ளிக்கூடம் பாலத்துக்கு அந்தப் பக்கம்.

பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடிவந்த கூட்டம் பாலத்தடியில் நின்றுவிட்டது. வேப்பிலை காய்ந்து தொங்க, அந்த மூங்கில் கம்பு நட்டது நட்டபடி நின்றது. போங்க போங்க என்று கத்திய பழனியாண்டியின் கையிலும் காப்பு இருந்தது. அவரும் காலை எடுத்து வைக்கவில்லை. பெண்கள் புருஷன்மார் முகத்தைப் பார்த்தார்கள். புருஷன்மார் நாகலிங்கத்தின் முகத்தைப் பார்த்தார்கள்.

"காப்பு அவுக்காம தாண்ட ஏலாது," என்றான் நாகலிங்கம். "ஒருத்தி தாண்டுனதுக்கே இந்தக் கதி. ஊரே தாண்டுனா என்ன ஆகும்? ஆத்துப் பக்கமா ஒதுங்கி நிப்போம். அங்க ஈரமா இருக்கும்."

"ஆத்துல தண்ணி எங்கங்க இருக்கு? பாறைதானே கெடக்குது!" என்று யாரோ அழுதார்கள்.

அம்மாக்கண்ணு கம்புக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் இங்கயே எரிஞ்சு போறேன். சாமி குத்தத்தை மேலும் மேலும் சேத்துக்கிட்டு எனக்கு ஒரு உசுரு வேணாம்!"

பின்னால் கடைசி லயத்துப் பக்கம் ஏதோ வெடித்தது. பிள்ளைகள் வீரிட்டன. அந்தக் கூட்டத்தின் ஓரத்தில், ஒரு கையால் வாயைப் பொத்தி, மறுகையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஹம்சினி நிற்பதைத் தனலெட்சுமி பார்த்தாள். புகை அவள் மூச்சை அடைத்திருந்தது. முகம் வெளுத்துப் போயிருந்தது.

தனலெட்சுமிக்கு அதுவரை அடக்கி வைத்திருந்த ஆத்திரம் அத்தனையும் தலைக்கு ஏறியது.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். இரண்டு கையாலும் அந்தக் கம்பைப் பிடித்தாள். அசைத்தாள். பிடுங்கினாள்.

"அய்யோ! அடியே!" என்று அம்மாக்கண்ணு நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

"தனம்! என்ன காரியம் பண்ற!" என்று நாகலிங்கம் பாய்ந்து வந்தான்.

"கிட்ட வராதீங்க!" அவள் போட்ட சத்தத்தில் அவன் நின்றுவிட்டான். "இந்தக் கம்ப இங்க நட்டது யாரு? நீங்கதானே? சாமியா வந்து நட்டுச்சு? நீங்க நட்ட கம்ப நான் புடுங்கி வேற எடத்துல நடப் போறேன். பள்ளிக்கூடத்துக்கு அங்கிட்டு நடப் போறேன். அதுவரைக்கும் நம்ம எல்லைதான்! இப்ப யாரும் எதையும் தாண்டல. வாங்க!"

ஒருவரும் அசையவில்லை.

"இன்னும் என்ன பாக்குறீங்க? குத்தமா? நான்தான் ஏற்கெனவே தாண்டுனவளாச்சே! கொளுத்திவிட்டவளாச்சே! இதையும் என் தலையிலயே போடுங்க. எம்புட்டு பாவம்னாலும் கொண்டாங்க, நான் சொமக்கிறேன். ஆனா புள்ளைங்கள எரிச்சுப் போட்டுட்டு காப்ப கட்டிக்கிட்டு நிக்கிற ஆம்பளைங்கள சாமி மெச்சிக்கும்னு மட்டும் நெனைக்காதீங்க!"

கம்பை ஹம்சினியின் கையில் திணித்தாள். "நீ முன்னுக்கு நட! ஓடாத, நட!" என்றாள். பிறகு மாமியார் பக்கம் குனிந்தாள். அம்மாக்கண்ணு கையை உதறினாள், நகத்தால் பிறாண்டினாள், "தொடாதடி என்னைய!" என்று கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். தனலெட்சுமி அறையை வாங்கிக்கொண்டாள். கொழுந்துக் கூடை சுமந்து சுமந்து உரமேறிய முதுகு அது. கிழவியை இழுத்து முதுகில் போட்டுக்கொண்டு பாலத்தின் மேல் நடந்தாள்.

முதலில் ஜீவராணி பின்னால் வந்தாள், பிள்ளையைக் கட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல். பிறகு ஒவ்வொருவராக. பிறகு மொத்தக் கூட்டமும். நாகலிங்கம் கடைசியாக வந்தான். அவன் கால் பாலத்தில் பட்டபோது கண்ணை மூடிக்கொண்டிருந்தான் என்று பழனியாண்டி பிற்பாடு சொன்னார்.

பள்ளிக்கூடத்துக்கு அப்பால் ஒரு கல்லிடுக்கில் ஹம்சினி அந்தக் கம்பை நட்டாள். யாரும் தடுக்கவில்லை.

பள்ளிக்கூட மைதானத்தில் நின்று பார்த்தால் மேல்கணக்கு முழுவதும் தெரியும். எல்லோரும் அங்கேயே நின்றார்கள். கடைசி லயத்தின் கூரை உள்ளே இறங்கியது. அடுத்த லயம் பற்றியது. எத்தனையோ வருஷமாகப் பூசி மெழுகிய சுவர், பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பை, கலியாணப் படம் எல்லாம் புகையாக மேலே போயின. பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். டவுனிலிருந்து வந்த தண்ணீர் வண்டி, ஏற்றத்தில் ஏற முடியாமல் வளைவில் திணறிக்கொண்டிருந்தது.

விஜேந்திரன் லொறியைப் பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டு ஓடிவந்தான். எரிகிற லயத்தைப் பார்த்தான். அவர்கள் லயம். அவன் காம்பரா. இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவன், தன்னை மறந்து கத்தினான்.

"பாறைக்கு அங்கிட்டுத்தானே வச்சேன்! பாறையத் தாண்டாதுன்னுதானே வச்சேன்! இங்கிட்டு எப்பிடி வந்துச்சு? எப்பிடி வந்துச்சு!"

ஒப்பாரி நின்றது.

தான் சொன்னது அவனுக்கே அப்போதுதான் கேட்டது. சுற்றிலும் பார்த்தான். அத்தனை கண்ணும் அவன் மேல்.

"என்னடா சொன்ன?" நாகலிங்கம் அவன் சேர்ட்டைப் பிடித்துத் தூக்கினான். "என்னடா வச்ச?"

"அண்ணே... மேட்டுல லீக்ஸ் தோட்டம் போடலாம்னு... புல்லச் சுட்டா மண்ணு லேசாகும்னு... எல்லாரும் வருசா வருசம் சுடுறதுதானே... கொஞ்சமாத்தான்..."

"அப்புறம் காலையில அண்ணிய விழுந்து மன்னிப்புக் கேக்கச் சொன்னியேடா! எல்லாந் தெரிஞ்சே சொன்னியா!"

விஜேந்திரன் தலையைத் தொங்கப் போட்டான். ஹம்சினி முன்னால் வந்தாள். புருஷன் முகத்தை ஒருமுறை பார்த்தாள். அவளுக்குள் இருந்த பயமெல்லாம் அந்த ஒரு பார்வையில் அறுந்தது போலிருந்தது.

"அக்கா எங்க போனாங்கன்னு கேட்டீங்கள்ல அத்தை? ஊரே கேட்டுச்சுல்ல? எங்கிட்டத்தான் வந்தாங்க! ஆஸ்பத்திரிக்கு! எம் வயித்துல இருக்கிறது போயிரும்போல இருந்துச்சு. உங்க வாய்க்குப் பயந்துதான் நான் யாருக்கும் சொல்லல. அவங்க ராத்திரி முழுக்க தரையில ஒக்காந்து என்னையப் பாத்துக்கிட்டாங்க. நான் சொல்லாதீங்கன்னு கேட்டேன். அவங்க சொல்லல. அவங்கள எல்லாரும் நாக்கு அழுகப் பேசுனீங்க... நானும் ஊமையா நின்னேன்... நானும்தான் பாவி!"

அம்மாக்கண்ணு ஹம்சினியின் வயிற்றைப் பார்த்தாள். பிறகு தனலெட்சுமியின் கன்னத்தைப் பார்த்தாள். தன் விரல் தடம் இன்னும் அங்கே இருந்தது.

நாகலிங்கம் தம்பியைத் தரையில் விட்டுவிட்டு மனைவி எதிரில் வந்து நின்றான். எல்லோரும் பார்க்க நின்றான்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே தனம்..."

"சத்தியம் பண்ணிட்டேன், சொல்ல ஏலாது. ஆனா நீங்க 'எம் பொண்டாட்டிய எனக்குத் தெரியும்'னு ஊருக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? அதுக்கு எந்தச் சத்தியம் தடுத்துச்சு?"

"தப்பு எம்மேலதான்" என்று சொன்னான். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, இன்னும் உரக்க, "தப்பு எம்மேலதான்!" என்றான். ஜீவராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அப்போது பொலிஸ் ஜீப் வந்து நின்றது. இறங்கிய சார்ஜன்ட் பழனியாண்டியைப் பார்த்து, யார் தீ வைத்தது என்று சிங்களத்தில் கேட்டார். தலைவர் தனலெட்சுமியைப் பார்த்தார். எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள். அவள் என்ன சொல்கிறாளோ அதுதான் ஊர் சொல்லும் என்று அந்த நேரத்தில் எப்படியோ ஆகிவிட்டது.

அம்மாக்கண்ணு விழுந்தடித்துக்கொண்டு வந்து அவள் காலைப் பிடித்தாள்.

"தனம்... எந்தாயி... அவன் உங் கையால சாப்பிட்டு வளந்தவன்டி. அவனுக்கும் ஒரு புள்ள வரப் போகுதே... ஆரு வச்சதுன்னு தெரியாதுன்னு சொல்லிரு. நீ வாய மூடிக்கிட்டா ஊரும் மூடிக்கும். உனக்குப் பொறுத்துப் பழக்கம்தானே... இந்த ஒரு தடவை..."

தனலெட்சுமி குனிந்து அந்தக் கைகளைத் தன் காலிலிருந்து பிரித்தாள்.

"எனக்குப் பொறுத்துப் பழக்கம். ஆமா அத்தை! நீங்க எல்லாரும் சேந்து பழக்கி விட்டீங்க. காலையில எங் கையால தேத்தண்ணி வேணாம். இப்ப எங் கையால உங்க மகனக் காப்பாத்தணும்! அந்தா பாருங்க, கடைசி லயத்து அழகுமுத்து வீடு எரியுது. ஜீவராணி வீடு எரியுது. அவங்க முகத்தப் பாத்து நான் 'தெரியாது'ன்னு சொல்லணுமா? எம்மேல பழி வந்தப்ப பொறுத்தேன். அது எம் பழி, நான் பொறுத்தேன். இது அடுத்தவங்க வீடு. இதப் பொறுக்க எனக்கு என்ன உரிமை இருக்கு?"

"நீ சொன்னா அவன ஏத்திக்கிட்டுப் போயிருவாங்கடி..."

"நான் சொல்ல மாட்டேன்." விஜேந்திரன் பக்கம் திரும்பினாள். அவளுடைய கண்ணில் தண்ணீர் இல்லை. "தம்பி. உனக்குத் தலை சீவிவிட்டது நான். உனக்கு மொதமொத நீளக் கால்சட்டை மாட்டிவிட்டது நான். எம்மேல பழியப் போட்டுட்டு நீ நிம்மதியா லொறி ஓட்டப் போன பாரு... அத நான் சாகுறவரைக்கும் மறக்க மாட்டேன். ஆனா உன்னையக் காட்டிக்குடுக்க மாட்டேன். நீயே போ. அந்தா நிக்கிறாங்க. உன் வாயால சொல்லு. நீ சொல்லலன்னா, இனி என்னைய அண்ணின்னு கூப்புடாத."

சார்ஜன்ட் பொறுமையிழந்து இன்னொரு தடவை கேட்டார். ஹம்சினி புருஷனைப் பார்க்காமல் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில் விஜேந்திரன் எழுந்தான். நாகலிங்கம் போய் அவன் தோளைப் பிடித்தான். அண்ணனும் தம்பியுமாக ஜீப்பை நோக்கி நடந்தார்கள். பாதி வழியில் விஜேந்திரன் அண்ணன் கையை விலக்கிவிட்டுத் தனியாகப் போனான். சார்ஜன்ட்டின் முன்னால் நின்று, தெரிந்த கொஞ்சச் சிங்களத்தில், தானே சொன்னான்.

அம்மாக்கண்ணு ஓடவில்லை, கத்தவில்லை. ஜீப் கதவு சாத்தப்பட்டபோது அவள் உடம்பு ஒரு பக்கமாகச் சரிந்தது. தனலெட்சுமி தாங்கிப் பிடித்தாள்.

"என் வாய்ல புழுத்தான் விழணும் தனம்... உன்னைய என்னென்ன சொல்லிட்டேன்... நீயும் என்னைய விட்டுட்டுப் போயிராத... எனக்கு ஆரு இருக்கா..."

"போக மாட்டேன். ஆனா எனக்குக் கோவம் தீரல அத்தை. சும்மா சொல்ல மாட்டேன். இன்னும் ரொம்ப நாளைக்குத் தீராது."

"தீர வேணாம்டி... ஏசு, என்னைய நல்லா ஏசு..."

அப்போதுதான் தனலெட்சுமி அழுதாள். காலையிலிருந்து அடக்கியதெல்லாம் உடைந்து, வாய்விட்டு, பிள்ளைகள் திரும்பிப் பார்க்கும்படி அழுதாள். அழுதுகொண்டே, கிழவியின் முதுகில் ஓங்கி ஓர் அடி அடித்தாள். அடித்த அதே கையால் அவளை இழுத்து மார்போடு கட்டிக்கொண்டாள்.